எலன் வந்த கடை, கூப்பன் போன கடை

2012ஆம் ஆண்டு அன்னையர் தினத்தை ஒட்டி, ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கத் துணிக்கடை தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய கேட்டலாக்கில் ஒரு பக்கம். இரண்டு பெண்கள், அவர்களுடைய மகள்கள், கூடவே பாட்டி. வண்ணம், களிமண், மொசைக் என்று முழங்கை வரை அப்பிக்கொண்டு பொழுதைக் கழிக்கும் குடும்பம் இது, பாட்டியும் வந்து சேர்ந்துகொள்வார் என்கிறது படத்தோடு வரும் குறிப்பு. ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டு, இன்னொருவரை அவருடைய இணை என்று ஒரே சொல்லில் சொல்லிக் கடந்துவிடுகிறது. வானவில் கொடி இல்லை, முழக்கம் இல்லை. மற்றபடி எல்லாப் பக்கங்களையும் போலச் சட்டை விற்கும் பக்கம்தான்.

அந்த ஒரு சொல்லை அச்சடிக்கக் கடைக்கு நூற்றுப்பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வயோமிங் மாநிலத்தின் கெம்மரர் என்ற சுரங்க ஊரில் 1902இல் ஜேம்ஸ் கேஷ் பென்னி திறந்த கடைக்கு முதலில் வைத்த பெயர் 'கோல்டன் ரூல்'. பிறர் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறாயோ அதையே நீ பிறருக்குச் செய் என்ற பைபிள் கட்டளையைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். கடை வளர்ந்தது. 2012இல் சுமார் 1,100 கிளைகள். தலைமையகம் டெக்சஸ் மாநிலத்தின் ப்ளேனோ நகரில். பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்கவும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு கவுன் வாங்கவும் நடுத்தரக் குடும்பங்கள் போகும் கடை. இதே பக்கம் நியூயார்க்கின் நாகரிகக் கடை ஒன்றின் விளம்பரத்தில் வந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கதை அதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் கடைகளைக் கட்டி எழுப்பிப் பெயர் வாங்கிய ரான் ஜான்சன், 2011 நவம்பரில் ஜே.சி.பென்னியின் தலைமைப் பொறுப்புக்கு வந்திருந்தார். களையிழந்து கிடந்த கடைக்குப் புது முகம் தேடியவர், 2012 ஜனவரியில் எலன் டிஜெனரஸைக் கடையின் விளம்பர முகமாக அறிவித்தார். எலன் அப்போது பகல் நேரத் தொலைக்காட்சியின் செல்லப்பிள்ளை. ஆடுவார், கிண்டலடிப்பார், பரிசுகளை வாரி வழங்குவார். அமெரிக்க இல்லத்தரசிகளுக்குத் தினமும் மதியம் வீட்டுக்கு வந்துபோகும் தோழி மாதிரி. தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இளம் வயதில் லூசியானாவின் மெட்டரியில் இதே கடையின் கிளை ஒன்றில் வேலை பார்த்தவர் என்பது கூடுதல் பொருத்தம்.

சில நாட்களில் 'ஒன் மில்லியன் மாம்ஸ்', அதாவது பத்து லட்சம் அம்மாக்கள், என்று பெயர் வைத்துக்கொண்ட குழு கிளம்பியது. மிசிசிப்பி மாநிலத்தின் டூபலோ நகரில் இயங்கும் அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற கிறிஸ்தவப் பழமைவாத அமைப்பின் கிளை இது. எலனை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம்பரியக் குடும்பங்கள் உங்கள் கடைப் படியை மிதிக்காது என்பது மிரட்டலின் சாரம். இந்த அமைப்புக்கு இது கைவந்த கலை. டிஸ்னியையும் ஃபோர்டையும் ஆண்டுக்கணக்கில் புறக்கணிக்கச் சொன்னவர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இதுபோன்ற கடிதம் வந்ததும் என்ன செய்யும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பொத்தாம்பொதுவாக ஓர் அறிக்கை விடும், சத்தம் இல்லாமல் ஒப்பந்தத்தைக் கழற்றிவிடும்.

ஜான்சன் கழற்றவில்லை. தொலைக்காட்சி நேர்காணலில், எலனைத் தேர்ந்தெடுப்பதற்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை என்றார். நிறுவனரின் அந்தப் பழைய பொன்விதியையே காரணமாகச் சொன்னார். சொன்னவர் சொன்னபடி நின்றதும், அதுவரை வேடிக்கை பார்த்த இன்னொரு கூட்டம் வெளியே வந்தது. தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக இயங்கும் கிளாட் அமைப்பு, எலனுக்காகக் குரல் கொடுங்கள் என்று அழைப்பு விடுத்தது. ஜே.சி.பென்னியின் ஃபேஸ்புக் பக்கத்தில் நன்றிகள் குவிந்தன. இனி என் பிள்ளைகளுக்கு உங்களிடம்தான் துணி எடுப்பேன் என்று எழுதினார்கள். அம்மாக்கள் குழுவின் பக்கத்திலேயே போய் எலனின் ரசிகர்கள் கருத்து எழுதி நிரப்பினார்கள். ஃபாக்ஸ் நியூஸின் பில் ஓ'ரைலி, பழமைவாதிகளின் பாசறையிலேயே மூத்த குரல், ஒருவரின் பாலீர்ப்புக்காக அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்வது கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை வேலையிலிருந்து விலக்கிய மெக்கார்த்தி காலத்துக் கறுப்புப் பட்டியலைப் போன்றது என்று கண்டித்தார். பிப்ரவரி 7 அன்று எலன் தன் நிகழ்ச்சியில் இதைப் பேசினார். பத்து லட்சம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பதோ நாற்பதாயிரம் பேர்; பக்கத்து மில்லியனுக்கு ரவுண்டு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவர் சொன்னதும் அரங்கம் சிரித்தது. மார்ச் மாதம் அம்மாக்கள் குழு வேறு வேலை பார்க்கப் போவதாக அறிவித்துவிட்டது.

இந்தக் கடைக்கும் எலனுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1997 ஏப்ரல் 30 அன்று, 'எலன்' என்ற நகைச்சுவைத் தொடரின் நாயகி தான் தன்பாலீர்ப்பாளர் என்று திரையில் அறிவித்தாள். எலனும் அதே சமயத்தில் டைம் இதழின் அட்டையில் அதை அறிவித்திருந்தார். சுமார் 4.2 கோடி பேர் பார்த்த அந்த எபிசோடில் விளம்பர நேரம் வாங்க மறுத்த நிறுவனங்களில் கிரைஸ்லர் இருந்தது. கூடவே ஜே.சி.பென்னியும் இருந்தது. அடுத்த ஆண்டே தொடர் நின்றது. எலன் ஆண்டுக்கணக்கில் வாய்ப்பில்லாமல் இருந்தார். பதினைந்து ஆண்டு கழித்து அதே கடை அவர் வீட்டுக் கதவைத் தட்டியது என்றால், கடை நிர்வாகிகளுக்குத் திடீரென்று ஞானோதயம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடைக்கு வருகிறவர்கள் மாறியிருந்தார்கள்.

கல்லாவுக்கு எதிரே நின்று அரசியல் பேசும் பழக்கம் தன்பாலீர்ப்பாளர் சமூகத்துக்குப் புதிதல்ல. 1977இல் மயாமி நகரம் அடங்கிய டேட் கவுண்டியில், தன்பாலீர்ப்பாளர்களுக்கு வேலையிலும் வீட்டு வாடகையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டத்தை ஒழிக்கப் பாடகி அனிதா பிரையன்ட் இயக்கம் நடத்தினார், வென்றார். அவர் ஃப்ளோரிடா ஆரஞ்சுச் சாற்றின் விளம்பர முகம். நாடெங்கும் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கடைகளில் ஆரஞ்சுச் சாறு நிறுத்தப்பட்டது. வோட்காவோடு ஆரஞ்சு கலக்கும் 'ஸ்க்ரூடிரைவர்' மெனுவிலிருந்து போனது; அந்த இடத்தில் வோட்காவும் ஆப்பிள் சாறும் கலந்து, அதற்கு அனிதா பிரையன்டின் பெயரையே வைத்து விற்றார்கள். 1991இல் கிராக்கர் பேரல் என்ற நெடுஞ்சாலை உணவகக் குழுமம், தன்பாலீர்ப்பாளர்கள் என்பதற்காகவே பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. போராட்டமும் புறக்கணிப்பும் பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானமும் என்று பதினோரு ஆண்டு இழுத்து, 2002இல்தான் நிறுவனம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது.

இவை எல்லாமே 'வாங்க மாட்டோம்' என்ற வகை. 'இங்கேதான் வாங்குவோம்' என்று சொல்வதற்கு முதலில் அப்படி ஒரு கடை வேண்டுமே. 1994இல் ஐக்கியா அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓட்டியது. இரண்டு ஆண்கள் சேர்ந்து சாப்பாட்டு மேசை வாங்குகிறார்கள். எப்படிச் சந்தித்தோம், எந்த மேசை யாருக்குப் பிடிக்கும் என்று கணவன் மனைவி போலவே சலசலக்கிறார்கள். அவ்வளவுதான் விளம்பரம். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில்தான் ஒளிபரப்பினார்கள். அப்படியும் நியூயார்க் மாநிலம் ஹிக்ஸ்வில் நகரில் உள்ள ஐக்கியா கடைக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. சோதனை செய்தார்கள், கடையைத் திறந்தார்கள், விளம்பரத்தை நிறுத்தவில்லை. மேசை வாங்குவதில் உள்ள இந்தச் சாதாரணத்தைத்தான் எதிர்ப்பாளர்களால் தாங்க முடியவில்லை என்று தோன்றுகிறது. ஊர்வலத்தில் கொடி பிடித்தால் வேடிக்கை என்று கடந்துவிடலாம். நம் வீட்டில் இருப்பது போன்ற மேசையை அவர்களும் வாங்குகிறார்கள் என்றால் அதை எப்படிக் கடப்பது?

மீண்டும் 2012. எலன் விஷயத்தில் அடி வாங்காமல் தப்பித்த கடை, இதோடு போதும் என்று ஒதுங்கியிருக்கலாம். மே மாதம் அந்த இரண்டு அம்மாக்களின் படத்தை அச்சிட்டது. அம்மாக்கள் குழு மறுபடி கொதித்தது. அதற்குப் பதில்போல ஜூன் மாதத் தந்தையர் தினக் கேட்டலாக்கில் இரண்டு அப்பாக்கள் வந்தார்கள். நடிகர்கள் அல்லர், நிஜத்திலேயே இணையர், படத்தில் அவர்களைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள். நீச்சல் கற்றுத்தருபவர், கூடாரம் அடிப்பவர், சைக்கிள் சரிபார்ப்பவர், நண்பர், எல்லாம் ஒரே ஆளில் என்று அப்பாவை வருணித்துவிட்டு, ஒரே ஆளில் அல்லது இரண்டு ஆளில் என்று குறும்பாக முடிகிறது குறிப்பு.

அந்த ஆண்டின் அமெரிக்காவை நினைத்துப் பார்த்தால்தான் இதன் எடை தெரியும். மே 8 அன்று வடக்கு கரோலினா வாக்காளர்கள் தன்பாலினத் திருமணத்துக்குத் தங்கள் மாநில அரசியல் சாசனத்திலேயே பூட்டுப் போட்டார்கள். மறுநாள்தான் ஒபாமா, அதிபராக முதல்முறையாக, அத்தகைய திருமணத்தை ஆதரிப்பதாகச் சொன்னார். அப்போது ஆறு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும்தான் அது செல்லும். டெக்சஸ் உட்படப் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக வேலையை விட்டு அனுப்பினால் அதைத் தடுக்க மாநிலச் சட்டம் கிடையாது. அதாவது அந்தக் கேட்டலாக்கைப் புரட்டிய பல ஊர்களில், படத்தில் இருந்தவர்கள் கணவர்களாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. ஆனால் தந்தையர் தினத்துக்குச் சட்டை விற்கலாம்.

பிப்ரவரியில் ஃபேஸ்புக்கில் எழுதியவர்களும், வேண்டுமென்றே கடைக்குப் போய் ஒரு துண்டோ காலுறையோ வாங்கியவர்களும் செய்து கொடுத்தது இதைத்தான். நட்சத்திரத்தோடு நின்றிருக்கக்கூடிய கடையை, சாதாரணக் குடும்பத்தைக் காட்டும் அளவுக்கு நகர்த்தினார்கள். ஒரு பிரபலத்தை ஏற்பது சுலபம். எலனை விரும்பாதவர்கள் குறைவு. பக்கத்து வீட்டு இரண்டு அப்பாக்களை ஏற்பதற்கு வேறு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கான தைலத்தை நிர்வாகிகளுக்குத் தேய்த்துவிட்டது வாடிக்கையாளர்களின் நன்றிக் கடிதங்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு தேவதைக் கதை. கடை விழுந்தது.

2012 நிதியாண்டில் ஜே.சி.பென்னியின் விற்பனை 1,726 கோடி டாலரிலிருந்து சுமார் 1,298 கோடி டாலராகச் சரிந்தது. ஒரே ஆண்டில் கால் பங்கு காணாமல் போனது. நிகர நஷ்டம் 98.5 கோடி டாலர். 2013 ஏப்ரலில் ஜான்சன் வெளியேற்றப்பட்டார். பார்த்தீர்களா, பாரம்பரியக் குடும்பங்களைப் பகைத்துக்கொண்டதன் பலன் இது என்று அம்மாக்கள் தரப்பு மார்தட்டியது. கேட்க வசதியான விளக்கம். இன்றுவரை பலர் நம்பும் விளக்கமும்கூட.

ஆனால் கடையைக் கவிழ்த்தது கூப்பன். 2011ஆம் ஆண்டில் மட்டும் அந்தக் கடை 590 தள்ளுபடித் திட்டங்களை அறிவித்திருந்தது. விலைச்சீட்டில் ஐம்பது டாலர் என்று போடுவது, அடித்துவிட்டு இருபத்தைந்துக்குக் கொடுப்பது, அதன்மேல் செய்தித்தாளில் வெட்டியெடுத்த கூப்பனுக்கு இன்னும் கொஞ்சம் கழிப்பது. இது ஏமாற்று, இனி எல்லா நாளும் ஒரே நியாய விலை என்று 2012 பிப்ரவரி 1 அன்று ஜான்சன் எல்லாவற்றையும் நிறுத்தினார். கணக்கில் அவர் சொன்னது சரி. மனிதர்களைப் பற்றித்தான் தப்புக்கணக்கு. ஆடித் தள்ளுபடி இல்லாத ஆடி மாதத்தை தியாகராய நகர்க் கடைக்காரர் ஒருவர் அறிவித்தால், வருடம் முழுக்க அதே விலைதான் என்று எவ்வளவு விளக்கினாலும், ரங்கநாதன் தெருவில் அவர் கடை வாசலில் மட்டும் கூட்டம் இருக்காது. கூப்பன் வெட்டுவது அந்த வாடிக்கையாளர்களுக்குப் பணம் மிச்சம் பிடிக்கும் வழி மட்டுமாக இருக்கவில்லை. விலையைக் குறைக்க வைத்துவிட்டோம் என்ற சின்ன வெற்றி அதில் இருந்தது. ஆஸ்கர் விழாவன்று ஒளிபரப்பான விளம்பரங்களில் எலனே கூப்பனையும் நள்ளிரவு விற்பனையையும் கிண்டலடித்து நடித்திருந்தார். ஜனங்கள் சிரித்துவிட்டு, கூப்பன் கொடுக்கும் வேறு கடைக்குப் போனார்கள்.

சாட்சி வேண்டுமென்றால் கடையே தந்திருக்கிறது. 2013 மே மாதம் ஜே.சி.பென்னி தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டு விளம்பரம் வெளியிட்டது. சில மாற்றங்கள் உங்களுக்குப் பிடித்தன, சில பிடிக்கவில்லை, உங்கள் குரல் கேட்டது, திரும்பி வாருங்கள் என்று கெஞ்சியது. கூப்பன்கள் திரும்பின. எலனுக்காகவோ இரண்டு அப்பாக்களுக்காகவோ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகும் கடை முழுதாக எழவில்லை. 2020 மே மாதம், கொரோனா முடக்கத்தில், திவால் பாதுகாப்புக் கோரியது.

ஆக, ஆதரித்த வாடிக்கையாளர்களால் கடையைக் காப்பாற்ற முடியவில்லை, எதிர்த்தவர்களும் அதைக் கவிழ்க்கவில்லை. இரண்டு தரப்புமே தங்கள் பணப்பையின் பலத்தை மிகைப்படுத்திச் சொல்கின்றன. அப்படியானால் ஆதரவுக்கு என்ன மதிப்பு? ஒரு வியாபாரத்தைத் தூக்கி நிறுத்துவது அதன் வேலை அன்று. முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவர் ஒரு வாரம் பின்வாங்காமல் இருப்பதற்கான தெம்பைத் தருவதுதான் அதன் வேலை. கோபக்காரர்களின் மின்னஞ்சல் மட்டும் வந்து குவியும் மேசையில், எதிர்ப்பக்கத்துக் கடிதங்களும் ஒரு கட்டு இருக்க வேண்டும்.

2012இன் அதே கோடையில் இன்னொரு பாடமும் நடந்தது. சிக்-ஃபில்-ஏ என்ற கோழி சாண்ட்விச் கடைத்தொடரின் தலைவர் டான் கேத்தி தன்பாலினத் திருமணத்துக்கு எதிராகப் பேசினார். கண்டனம் எழுந்ததும், முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபி ஆகஸ்ட் 1ஐப் பாராட்டு நாளாக அறிவித்தார். நாடெங்கும் கடைகளைச் சுற்றி வரிசை வளைந்து நின்றது. கார்கள் சாலை வரை நின்றன. வரலாறு காணாத விற்பனை என்றது நிறுவனம். பணப்பையால் ஆதரிக்கும் கலையை இரு தரப்பும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டிருந்தன. ஆனால் வரிசையில் நிற்பது கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம். ஃபேஸ்புக்கில் விழும் லைக் சாப்பாட்டு மேசைக்கு வராது.

ஸ்டார்பக்ஸ் கதையில் அந்தப் பலம் கொஞ்சம் வேறுவிதமாகத் தெரிந்தது. 2012இல் வாஷிங்டன் மாநிலத்தின் திருமணச் சட்டத்தை அது ஆதரித்ததால், அந்தக் காபியைக் கைவிடுங்கள் என்று ஓர் இயக்கம் கிளம்பியது. நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்கள் எதிர்த்தவர்களைவிடப் பல மடங்கு. மறு ஆண்டு பங்குதாரர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, உங்கள் கொள்கையால் லாபம் குறைகிறதே என்று கேட்டார். எல்லா முடிவையும் பொருளாதாரத்துக்காக எடுப்பதில்லை, இதைவிட நல்ல லாபம் கிடைக்கும் என்று நினைத்தால் பங்குகளை விற்றுவிட்டு வேறு எங்காவது போடலாம் என்றார் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ். அரங்கம் கைதட்டியது. கையில் நல்ல லாபக் கணக்கு இருந்ததால் வந்த தைரியம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நஷ்டக் கணக்கோடு நிற்பவரால் இப்படிப் பேச முடியாது.

இந்தத் தைரியம் எப்படி வடியும் என்பதற்கு டார்கெட் கடையை விட நல்ல உதாரணம் இல்லை. மினியாபோலிஸைத் தலைமையகமாகக் கொண்ட இந்தப் பெருங்கடை 2010இல் மின்னசோட்டா தேர்தலுக்காக ஓர் அமைப்புக்கு 1.5 லட்சம் டாலர் கொடுத்தது. அந்தப் பணம் தன்பாலினத் திருமணத்தை எதிர்த்த வேட்பாளருக்குப் பயன்பட்டது தெரிந்ததும், வானவில் சமூகத்தினரே புறக்கணிக்கக் கிளம்பினார்கள். நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு மறுகோடிக்கு வந்தது. 2016இல், திருநர்கள் தங்கள் பாலின அடையாளத்துக்கேற்ற கழிவறையைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதே டூபலோ அமைப்பு பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் திரட்டியது. இந்த முறை பெயருக்கும் எண்ணிக்கைக்கும் பொருத்தம் இருந்தது. டார்கெட் கொள்கையை மாற்றவில்லை. தனியாகப் போக விரும்புகிறவர்களுக்காக 2 கோடி டாலர் செலவில் ஒற்றைக் கழிவறைகளைக் கட்டப்போவதாகச் சொன்னது.

2023 மே மாதம் நிலைமை வேறு. கடைக்குள் புகுந்து வானவில் அலங்காரங்களைத் தட்டிவிட்டு, விற்பனைப் பெண்களிடம் கத்தி, அதைச் செல்பேசியில் படம்பிடித்து வெளியிட்டார்கள். ஊழியர்களின் பாதுகாப்பு கருதி என்று சொல்லி, நிறுவனம் சில பொருட்களை எடுத்துவிட்டது. தென் மாநிலங்களின் சில கிளைகளில் வானவில் அலமாரியைக் கடையின் பின்பக்கம் தள்ளியது. எதிர்த்தவர்கள் வெற்றி என்றார்கள். ஆதரித்தவர்கள் கைவிடப்பட்டதாக உணர்ந்தார்கள். அந்தக் காலாண்டில் பழைய கிளைகளின் விற்பனை 5.4 விழுக்காடு குறைந்தது. விலைவாசி உட்படப் பல காரணங்களில் இதுவும் ஒன்று என்றது நிறுவனம். அங்கே கல்லாவில் நின்ற பெண்ணைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. மணிக்கூலிக்கு நிற்பவர் மீதுதான் அத்தனை கோபமும் போய் விழுந்தது. ஆனால், முன்பக்கத்தில் இருந்த அலமாரி பின்பக்கம் போனதை முதலில் பார்த்தவரும் அந்த ஊழியர்தான். அவரே தன்பாலீர்ப்பாளராக இருந்தால் அன்று மாலை வீட்டுக்கு என்ன நினைத்துக்கொண்டு போயிருப்பார்?

கடையை ஆதரிக்கும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற ஆள் இவர். ஜூன் மாதம் வந்தால் வானவில் டி-ஷர்ட், ஜூலையில் அதே இடத்தில் தேசியக் கொடி டி-ஷர்ட். 'பிரைட்' எனப்படும் பெருமித மாதத்தை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு தன்பாலீர்ப்பாளர்களிடமிருந்தே பலமாக வருகிறது. அதில் நியாயம் இருக்கிறது. துணிக்கடையை உரிமை இயக்கம் என்று எண்ணிக்கொள்வது பேதைமை. ஆனாலும் அலமாரியை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதினால் பாதிக் கடையைத்தான் பார்த்ததாகும். இணையருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டா, பாகுபாட்டுக்கு எதிரான விதி எழுத்தில் இருக்கிறதா என்பதையெல்லாம் கணக்கிட்டு ஹியூமன் ரைட்ஸ் கேம்பெயின் அமைப்பு 2002 முதல் நிறுவனங்களுக்கு மதிப்பெண் போட்டுவருகிறது. முதல் ஆண்டு முழு மதிப்பெண் பெற்றவை வெறும் 13. பிறகு அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்காகப் பெருகியது. விளம்பரப் படத்தைவிட இந்தச் சலிப்பூட்டும் பட்டியலால்தான் அதிகம் பேர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இந்தியாவிலும் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். 2021 அக்டோபரில் டாபர் நிறுவனம் தன் ஃபெம் முகப்பூச்சுக்கு ஒரு விளம்பரம் வெளியிட்டது. இரண்டு இளம்பெண்கள், வட இந்தியாவில் மனைவியர் கணவருக்காக இருக்கும் கர்வா சவுத் விரதத்தை ஒருவருக்காக ஒருவர் இருந்து சல்லடை வழியாக முகம் பார்க்கிறார்கள். மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் நரோத்தம் மிஸ்ரா, விளம்பரத்தை எடுக்காவிட்டால் சட்ட நடவடிக்கை என்று எச்சரித்தார். சில நாட்களிலேயே டாபர் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்தது. மக்களின் சகிப்பின்மையால் அது எடுக்கப்பட்டதாகப் பிறகு நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் ஒரு நிகழ்ச்சியில் குறிப்பிட்டார். அந்த விளம்பரத்தை ரசித்தவர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. சமூக ஊடகத்தில் பாராட்டினார்கள். பெட்டிக்கடை முதல் பெருங்கடை வரை பரவிக் கிடக்கும் பொருளுக்கு, இதற்காகவே வாங்கினேன் என்று சொல்லி வரிசையில் நிற்க ஒரு வாசல் இல்லை. எதிர்ப்புக்கு அமைச்சரின் கடிதத்தாள் இருந்தது.

டார்கெட்டின் கதையில் மிச்சம் ஒன்று உண்டு. 2025 ஜனவரி 24 அன்று, டிரம்ப் மீண்டும் பதவியேற்ற சில நாட்களில், அந்தக் கடை தன் பன்முகத்தன்மைத் திட்டங்கள் பலவற்றை முடித்துக்கொள்வதாகவும், மேலே சொன்ன மதிப்பெண் பட்டியலுக்கு இனி விவரம் தரப்போவதில்லை என்றும் அறிவித்தது. அதற்கு முந்தின நாள்தான் போட்டிக் கடையான காஸ்ட்கோவின் பங்குதாரர்கள், அத்தகைய திட்டங்களைக் கேள்விக்குள்ளாக்கிய தீர்மானத்தை 98 விழுக்காட்டுக்கு மேலான வாக்குகளால் தோற்கடித்திருந்தார்கள். அடுத்த காலாண்டில் டார்கெட்டின் பழைய கிளைகளின் விற்பனை 3.8 விழுக்காடு குறைந்தது. காஸ்ட்கோவின் விற்பனை வளர்ந்தபடி இருந்தது. ஜே.சி.பென்னியின் கூப்பனை நினைவில் வைத்திருப்பவர்கள் இதிலிருந்தும் அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது. டார்கெட்டுக்கு வேறு நோய்களும் இருந்தன. நாற்பது நாள் நோன்பு என்று அந்தக் கடையைத் தவிர்க்கச் சொன்ன ஜார்ஜியாவின் கறுப்பினப் பாதிரியார் ஜமால் பிரையன்டின் கோபம், முதன்மையாகக் கறுப்பின மக்களுக்கான வாக்குறுதி முறிந்ததைப் பற்றியது.

டார்கெட்டின் சொந்த ஊரான மினியாபோலிஸில், ஒவ்வொரு ஜூன் மாதமும் லோரிங் பூங்காவில் ட்வின் சிட்டீஸ் பிரைட் விழா நடக்கும். டார்கெட் அதன் நெடுநாள் புரவலராக இருந்தது. 2025க்கும் சுமார் 50,000 டாலர் எதிர்பார்க்கப்பட்டது. ஜனவரி அறிவிப்பு வந்ததும் விழாக் குழு, உங்கள் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊர் மக்களிடம் துண்டு ஏந்தியது. ஐந்து டாலர், பத்து டாலர் என்று வந்து விழுந்ததில் ஓரிரு நாளிலேயே 50,000 தாண்டியது. அதன் பிறகும் பணம் வந்துகொண்டிருந்தது. கொடுத்தவர்களில் பலர் அந்த வாரம்வரை பால், ரொட்டி, பிள்ளைகளின் துணி எல்லாம் டார்கெட்டில்தான் வாங்கியிருப்பார்கள்; அந்த ஊரில் அநேகமாக எல்லோரும் அங்கேதான் வாங்குவார்கள்.